ஓ.டி.க்குப் போன பிறகு எங்கள் பிள்ளையின் கோபம் எப்படிக் குறைந்தது

பிள்ளையை ஓ.டி.க்கு, அதாவது அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபிக்கு, கூட்டிப் போகிறோம் என்று சொன்னால், "கையெழுத்து சரியில்லையா?" என்று கேட்பவர்கள் உண்டு. "இன்னும் நடக்கலையா?" என்று பதறுகிறவர்களும் உண்டு. ஆக்குபேஷனல் தெரபி என்றால் பென்சில் பிடிக்கப் பழக்குவது, பக்கவாதம் வந்தவருக்குக் கைப்பயிற்சி கொடுப்பது என்ற அளவில்தான் நம் ஊரில் தெரிந்திருக்கிறது. நாங்கள் போனது பிள்ளையின் அழுகைக்காகவும் கோபத்துக்காகவும். இதே தவிப்பில் இருக்கும் பெற்றோர் பலரை அந்த வரவேற்பறையில் பார்த்துவிட்டதால் எழுதுகிறேன்.

எங்கள் சின்னவனுக்கு அப்போது ஆறு வயது. மதுரையில் ஒன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தான். நன்றாகப் பேசுவான். எண்கள் என்றால் உயிர். பஸ் நம்பரெல்லாம் மனப்பாடமாகச் சொல்வான். ஆனால் சின்ன விஷயத்துக்கும் வெடித்து அழுவான். அக்காவை அடிப்பான், கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டு வரமாட்டேன் என்பான். ஓர் எழுத்து தப்பாகிவிட்டால் அந்தப் பக்கத்தையே கிழித்துவிடுவான். ஏன் அழுகிறாய் என்று கேட்டால் அவனுக்கே சொல்லத் தெரியாது. "ரெண்டு போடு போட்டா சரியாயிடும்" என்றார்கள் சிலர். "ஆம்பளப் புள்ள அப்படித்தான் இருப்பான்" என்றார்கள் வேறு சிலர். குழந்தை நல மருத்துவர் காது, கண், தூக்கம், ரத்தசோகை எல்லாம் பார்த்துவிட்டு, குழந்தை வளர்ச்சி மருத்துவரிடம் அனுப்பினார். அவர் ஓ.டி.க்கு எழுதிக் கொடுத்தார்.

முதல் நாள் தெரபிஸ்ட் மேடம் அவனிடம் கோபத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. எங்களிடம் கேட்டதெல்லாம் வீட்டு விஷயம். தலைக்கு எண்ணெய் வைக்க விடுவானா? நகம் வெட்டும்போது என்ன செய்வான்? சட்டைக் காலரில் இருக்கும் லேபிளை வெட்டித் தரச் சொல்வானா? மிக்ஸி ஓடினால் காதைப் பொத்துவானா? தயிர்சாதத்தைக் கையால் பிசைவானா, ஸ்பூன் கேட்பானா? படி இறங்கும்போது சுவரைப் பிடிப்பானா? பசித்தால் வந்து சொல்வானா? சிறுநீர் முட்டும் வரைக்கும் தெரியாமல் கடைசி நிமிடத்தில் ஓடுவானா? இப்படியே ஒரு நீளமான கேள்வித்தாளும் நிரப்பித் தரச் சொன்னார்கள். என் கணவர் பொறுமை இழந்து, "மேடம், இவன் கோவப்படுறதுக்கும் நகத்துக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டே விட்டார். "சொல்றேன் சார். அதுக்கு முன்னாடி எனக்காக ஒரு வேலை பண்ணுங்க" என்றார். அவன் வெடிக்கும் ஒவ்வொரு தடவையும் எத்தனை மணி, எந்த இடம், அதற்கு முந்தைய அரை மணி நேரத்தில் என்ன நடந்தது, தணிய எவ்வளவு நேரம் ஆனது என்று ஒரு நோட்டில் எழுதச் சொன்னார்.

அந்த நோட்டு எங்களுக்கு நிறையச் சொன்னது. அதுவரை திடீர் திடீரென்று வருவதாக நினைத்த அழுகைக்கு ஒரு வரிசை இருந்தது. பள்ளி விட்டு வந்த முதல் ஒரு மணி நேரம், ஞாயிற்றுக்கிழமை எண்ணெய்க் குளியல், முடி வெட்டும் நாள், விசேஷ வீடு, பி.டி. பீரியட் ரத்தான நாள். திரும்பத் திரும்ப இவைதான் வந்தன. அக்கா பென்சிலைத் தொட்டாள் என்பதற்காக அழுத நாட்களிலும், அதற்கு முன்னால் இவற்றில் ஏதோ ஒன்று நடந்திருந்தது.

பிறகு மேடம் விளக்கினார். நமக்கு ஐம்புலன்கள் தெரியும். அவை போக, உடம்புக்குள்ளேயே இன்னும் சில உணர்வுகள் வேலை செய்கின்றன. உள்காதில் இருக்கும் சமநிலை உணர்வு, தலை எந்தப் பக்கம் சாய்கிறது, உடம்பு எவ்வளவு வேகமாக நகர்கிறது என்று மூளைக்குச் சொல்கிறது. தசையும் மூட்டும் அனுப்பும் தகவலால்தான் பார்க்காமலே கை எங்கே இருக்கிறது, எவ்வளவு அழுத்திப் பிடிக்கிறோம் என்று தெரிகிறது. பசி, தாகம், இதயத் துடிப்பு, மூச்சு, சிறுநீர் முட்டுவது ஆகியவை உள்ளுறுப்புகளிலிருந்து வரும் உணர்வு. இவையெல்லாம் மூளையில் ஒழுங்காகச் சேர்ந்தால்தான் பிள்ளையால் நிதானமாக இருக்கவும், கவனிக்கவும், மற்றவர்களோடு பழகவும் முடியும் என்ற கோட்பாட்டை 1960, 70களில் வளர்த்தெடுத்தவர் ஜீன் ஏர்ஸ் என்ற அமெரிக்க ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். இன்றைக்கு ஊஞ்சலும் மெத்தையுமாக நாம் பார்க்கும் தெரபி அறைகளுக்கு அவருடைய வேலைதான் அடிப்படை.

எங்கள் பிள்ளைக்குத் தொடுகையும் சத்தமும் மற்றவர்களைவிட அதிகமாக உறைக்கின்றன. கால் தரையை விட்டு எழும்பினால் பயம். உள்ளுக்குள் நடப்பது தாமதமாகத்தான் தெரிகிறது. காலரும், கூட்டமும், மைக் சத்தமுமாகப் பகல் முழுவதும் சமாளித்துவிட்டு வீட்டுக்கு வருகிறான். மூன்று நாள் கல்யாண வேலை பார்த்துத் திரும்பிய இரவில் யாராவது "சாவி எங்க?" என்று கேட்டாலே நமக்கு எரிச்சல் வருகிறதே, அப்படி ஒரு சாயங்காலம்தான் அவனுக்கு தினமும். இதைக் கேட்டதும் என் கணவர் வெகு நேரம் பேசவில்லை.

தெரபி அறையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் பலகை ஊஞ்சல் ஒன்று தொங்கும். இவன் கதவருகிலேயே நின்றுகொண்டான். மேடம் கூப்பிடவில்லை. தானே அதில் உட்கார்ந்து, மர எண்களைப் பலகையில் வைத்து வரிசைப்படுத்த ஆரம்பித்தார். 7க்கு அப்புறம் 9 வைத்தார். இவனால் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. வந்தான், சரிசெய்தான், அப்படியே உட்கார்ந்தும் விட்டான். கால் தரையில் படும்படிதான் இருந்தது. "கால் கீழயே இருக்கட்டுமா, மேல வைக்கலாமா? நீயே சொல்லு" என்றார். "கீழ" என்றான். பல வாரங்கள் அது 'கீழ'யாகவே இருந்தது, அவரும் அவசரப்படவில்லை. மிகச் சுலபமாக இருந்தால் பிள்ளைக்குச் சலித்துவிடும், மிகக் கஷ்டமாக இருந்தால் பயந்துவிடும், இரண்டுக்கும் நடுவில் ஒரு படி மட்டும் ஏற்றிக்கொண்டே போகவேண்டும் என்பது அவர்கள் முறை.

அப்புறம் ஒருநாள் காலைத் தூக்கி வைத்து ஆடியபோது சறுக்கி மெத்தையில் விழுந்தான். எனக்குக் கண்ணாடி ஜன்னலுக்கு வெளியே வயிறு கலங்கியது. வீட்டில் என்றால் அன்றைய பொழுது அதோடு போயிருக்கும். மேடம் ஓடி வந்து தூக்கவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "விழுந்துட்ட. கீழ மெத்தை இருக்கு. இன்னொரு தடவையா, வேற விளையாட்டா?" அவன் கொஞ்ச நேரம் மெத்தையையே பார்த்தான். "இன்னொரு தடவை" என்றான். ஓர் எழுத்து தப்பினால் பக்கத்தைக் கிழிக்கிற பிள்ளை. தோற்றால் மறுபடி முயலலாம் என்று நாங்கள் எவ்வளவோ கதை சொல்லியிருக்கிறோம். அவனுக்கு அது ஊஞ்சலில்தான் புரிந்தது.

உணர்ச்சிகளுக்குப் பெயர் வைப்பதும் அங்கே வேறு மாதிரி நடந்தது. "கோவமா இருக்கியா? சோகமா இருக்கியா?" என்று முகப்படம் காட்டிக் கேட்டால் இவன் முழிப்பான். அதனால் உடம்பிலிருந்து ஆரம்பித்தார்கள். குதித்து முடித்ததும் நெஞ்சில் கை வைத்து, வேகமாக அடிக்கிறதா, மெதுவாக அடிக்கிறதா என்று பார்ப்பது. ஐஸ் தண்ணீரிலும் வெதுவெதுப்பான தண்ணீரிலும் மாற்றி மாற்றிக் கை வைப்பது. முஷ்டியை இறுக்கிப் பிடித்து மெல்ல விடுவது. விளையாட்டோடு விளையாட்டாக 'இறுக்கம்', 'தளர்வு', 'படபடப்பு', 'பசி' எல்லாம் வார்த்தைகளாகச் சேர்ந்தன. சில மாதங்கள் கழித்து ஒரு சாயங்காலம் அடுப்படிக்கு வந்து, "அம்மா, வயிறு இறுக்கமா இருக்கு" என்றான். அன்றைக்கு அவன் வெடிக்கவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு அவனோடு மாடிக்குப் போய் நின்றேன். வெடிப்பதற்கு முன்னால் வந்து சொல்ல முடிந்ததே, இந்தத் தெரபி எங்களுக்குக் கொடுத்ததில் பெரியது அதுதான் என்று இன்றும் நினைக்கிறேன்.

வாரத்தில் சில மணி நேரம் மையத்தில் ஆடுவதால் மட்டும் ஒன்றும் மாறிவிடாது. வீட்டில் செய்வதுதான் முக்கியம் என்று மேடம் கறாராகச் சொல்லிவிட்டார். தசைக்கும் மூட்டுக்கும் நல்ல அழுத்தம் கிடைக்கும் வேலைகள் பல பிள்ளைகளை நிதானப்படுத்தும் என்பது ஓ.டி.யில் அடிக்கடி சொல்லப்படுவது. தனியாக எதுவும் வாங்கச் சொல்லவில்லை. "உங்க வீட்ல என்னென்ன வேலை நடக்கும்?" என்று கேட்டுத்தான் பட்டியல் போட்டார். சின்னக் குடத்தில் தண்ணீர் தூக்கி மாடிச் செடிகளுக்கு ஊற்றுவது, பாய் சுருட்டுவது, துண்டைப் பிழிவது, சப்பாத்தி மாவு பிசைவது, காய்கறிப் பை தூக்குவது. இவனுடைய அப்பத்தாவுக்கு இதில் பரம திருப்தி. "இதத்தானப்பா நாங்க எல்லாப் புள்ளைகளுக்கும் குடுத்தோம்" என்றார்கள்.

இப்போது பள்ளி விட்டு வந்ததும் வீட்டில் ஒரு நடைமுறை இருக்கிறது. வந்தவுடன் "இன்னைக்கு என்ன நடந்துச்சு?" என்று யாரும் கேட்பதில்லை. சீருடையைக் கழற்றிப் பழைய பருத்தி பனியன். கடலை மிட்டாயோ முறுக்கோ, நன்றாகக் கடித்து மெல்லும்படி ஏதாவது. கெட்டியான மோரை ஸ்ட்ரா போட்டு உறிஞ்சுவான். மெல்லுவதும் உறிஞ்சுவதும்கூட அவனை அடக்கி உட்காரவைக்கின்றன. அப்புறம் குடம், செடி. அப்புறம் ஊஞ்சலில் முன்னும் பின்னுமாக மெதுவான ஆட்டம். சுற்றி விடுவது இல்லை. சுற்றினால் அவனுக்குப் பரபரப்பு ஏறுகிறது. அதற்குப் பிறகு அவனாகவே வந்து பள்ளிக்கதை சொல்வான். வீட்டுப்பாடம் கடைசியில்தான். இதை அப்படியே உங்கள் வீட்டில் செய்யாதீர்கள். ஒரு பிள்ளையை அமைதியாக்குவது இன்னொரு பிள்ளையை உசுப்பிவிடும். வலிப்பு வந்த பிள்ளை என்றால் ஊஞ்சல், சுழற்சி எதையும் மருத்துவரிடம் கேட்காமல் தொடவே கூடாது. இன்னொன்று, இந்த வேலைகளைத் தண்டனையாகக் கொடுத்துவிடாதீர்கள். அதோடு எல்லாம் கெட்டுவிடும்.

முடி வெட்டுவது எங்கள் வீட்டில் ஒரு யுத்தமாக இருந்தது. மேலோட்டமான தொடுகைதான் இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கு எரிச்சல் தருவது, அழுத்தமான தொடுகை பெரும்பாலும் ஆறுதலாக இருக்கும் என்று மேடம் சொன்னார். கத்தரித்த முடி கழுத்தில் உதிர்வது மேலோட்டமான தொடுகைதான். அதோடு மெஷின் அதிர்வதும், யாரோ எதிர்பாராமல் தலையைச் சாய்ப்பதும் சேர்ந்துகொள்கின்றன. எங்கள் தெரு சலூன் அண்ணனிடம் முதலிலேயே போய்ப் பேசினோம். கூட்டமில்லாத மத்தியான நேரம். டி.வி. நிறுத்தம். மெஷின் வேண்டாம், கத்தரி மட்டும். நைலான் துணிக்குப் பதில் வீட்டிலிருந்து கொண்டுபோன பருத்தித் துண்டு. உட்கார்வதற்கு முன் தோளையும் தலையையும் நான் நன்றாக அழுத்திவிடுவேன். அண்ணன் ஒவ்வொரு தடவையும் "வெட்டப் போறேன், அஞ்சு வெட்டு" என்று சொல்லி, இவனோடு சேர்ந்து எண்ணுவார். இவன் 'நிறுத்து' என்று கை காட்டினால் கத்தரி நிற்கவேண்டும், அது ஒப்பந்தம். முதல் தடவை ஒரு பக்கம் மட்டும் வெட்டிக்கொண்டு வந்தோம், மறுபக்கத்துக்கு மறுநாள் போனோம். தான் சொன்னால் நிற்கும் என்று தெரிந்த பிறகு அவன் நிறுத்தச் சொல்வது தானாகவே குறைந்தது.

பள்ளியில் முதலில் கொஞ்சம் சிரமம். "ஒவ்வொரு புள்ளைக்கும் இப்படித் தனியாப் பாக்க முடியுமாம்மா?" என்றார்கள். மேடம் ஒரு பக்கத்தில் கடிதம் கொடுத்தார். அதில் இருந்த எதற்கும் காசு செலவில்லை. பிரேயரில் ஸ்பீக்கர் பக்கம் நிற்கவைக்க வேண்டாம். வரிசையில் நடுவில் விடாமல் கடைசியில் நிறுத்துங்கள், முன்னும் பின்னும் இடி படாது. நோட்டுக் கட்டுகளை ஸ்டாஃப் ரூமுக்குத் தூக்கிப் போகும் வேலையை இவனுக்குக் கொடுங்கள். தப்பு செய்தான் என்று பி.டி. பீரியடை மட்டும் வெட்டாதீர்கள். அழுகை வரும்போல இருந்தால் நூலக மூலையில் கொஞ்ச நேரம் உட்கார அனுமதியுங்கள். வகுப்பாசிரியை நோட்டுக் கட்டு வேலையை மட்டும் முதலில் கொடுத்துப் பார்த்தார். 'முரட்டுப் பையன்' என்று பெயர் எடுத்தவன் 'மிஸ்ஸோட லீடர்' ஆனதில் அவனுக்கு வந்த கர்வத்தைப் பார்க்கவேண்டுமே! மற்றவை தானாக நடந்தன.

தன்னால் ஒன்றும் முடியாது என்ற எண்ணம்தான் இந்தப் பிள்ளைகளை உள்ளுக்குள் அரிக்கிறது. சட்டைப் பொத்தான் போடத் தெரியாது, ஷூ மாட்டத் தெரியாது, சாப்பிட்டால் சிந்துகிறது. வகுப்பில் மற்றவர்கள் பார்க்கிறார்கள். ஓ.டி. இந்த அன்றாட வேலைகளைப் பழக்குவதில்தான் நேரம் செலவிடுகிறது, மனசுக்கும் அதில்தான் மருந்து இருக்கிறது. பொத்தானுக்கு ஒரு வழி சொன்னார்கள்: எல்லாப் பொத்தானையும் நான் போட்டு, கடைசி ஒன்றைப் பாதி நுழைத்து, அவன் இழுத்தால் மட்டும் போதும் என்று விடவேண்டும். முடித்தது அவன்தான். அடுத்து கடைசிப் பொத்தான் முழுவதும் அவனுடையது. அப்புறம் கடைசி இரண்டு. பின்னாலிருந்து முன்னால் வருவதால் ஒவ்வொரு நாளும் வேலையை முடித்தவன் என்ற சந்தோஷம் அவனுக்கே கிடைக்கிறது. காலையில் எங்கள் வீட்டில் கத்தல் குறைந்ததற்கு இந்தப் பொத்தான்கள் முக்கியக் காரணம்.

விசேஷங்களுக்கு இப்போதும் போகிறோம். மண்டபம் நிரம்புவதற்கு முன்பே போய், மேளத்துக்குத் தூரமாக, வாசல் பக்கம் இடம் பிடிப்போம். காதுக்கு மாட்டும் மஃப் பையில் இருக்கும். என் சுண்டு விரலை இழுத்தால் வெளியே போகலாம் என்று அர்த்தம். சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும் கூட்டத்துக்கு இன்னும் கூட்டிப் போகவில்லை, டி.வி.யில் பார்க்கிறான். சொந்தக்காரர்கள் ஏதாவது சொன்னால், முன்பு அவர்களோடு சேர்ந்து அதட்டிய அப்பத்தாவே இப்போது எழுந்து, "புள்ளைக்கு சத்தம் ஆகல, நான் வெளிய வச்சிருக்கேன்" என்று கூட்டிப் போய்விடுகிறார்கள்.

சில விஷயங்களில் எச்சரிக்கையும் வேண்டும். தொடுகை, சத்தம் என்று நான் மேலே சொன்ன புலன் பிரச்சினைகளை 'புலன் ஒருங்கிணைப்புக் கோளாறு' என்று தனி நோயாகவே எழுதிக் கொடுக்கிற இடங்கள் இருக்கின்றன. மனநல மருத்துவர்கள் பயன்படுத்தும் டி.எஸ்.எம். 5 என்ற 2013ஆம் ஆண்டுக் கையேட்டில் அது தனி நோயாக இல்லை. ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாகப் புலன் உணர்வு வேறுபாடு சேர்க்கப்பட்டிருக்கிறது. அமெரிக்கக் குழந்தை நல மருத்துவர்கள் சங்கம் 2012ல், இந்த வகைச் சிகிச்சைக்கான ஆய்வு ஆதாரம் குறைவாகவே இருக்கிறது, பெற்றோரிடம் அதைச் சொல்லவேண்டும், புலன் பிரச்சினைக்குப் பின்னால் ஆட்டிசம், ஏ.டி.எச்.டி. என்கிற கவனக்குறைபாடு, பதற்ற நோய் போன்றவை இருக்கின்றனவா என்று பார்க்கவேண்டும் என்று சொன்னது. அதற்குப் பிறகு ஆய்வுகள் கூடியிருந்தாலும் அந்த அறிவுரை இன்றும் நல்ல அறிவுரைதான். ஓ.டி.க்கு முன்னால் ஒரு வளர்ச்சி மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். "முழுசா குணப்படுத்திடுவோம்" என்று பேக்கேஜ் விற்கும் மையத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள். பிள்ளையை அமைதியாக்கும் என்று விற்கிற, எடை வைத்த போர்வையைச் சின்னப் பிள்ளைக்கு நீங்களாக வாங்கிப் போர்த்த வேண்டாம், மூச்சுக்கு ஆபத்து.

குறிக்கோளையும் அளக்கும்படி எழுதி வாங்குங்கள். 'அமைதியாவான்' என்பதை யாரும் அளக்க முடியாது. 'பள்ளியிலிருந்து வந்தபின் அழுதால் தணிய ஆகும் நேரம் பாதியாகும்', 'மேல் சட்டையைத் தானே போடுவான்' என்று இருந்தால் மூன்று மாதத்தில் பார்த்துக்கொள்ளலாம். மாறவில்லை என்றால் முறையை மாற்றச் சொல்லிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. தெரபி நடப்பதைப் பார்க்கவும் உரிமை உண்டு. கதவைச் சாத்திக்கொண்டு, பெற்றோரை உள்ளே விடாத இடம் எனக்குச் சரியாகப் படவில்லை. தெரபிஸ்ட் ஆக்குபேஷனல் தெரபியில் பட்டமோ (பி.ஓ.டி.) மேல்பட்டமோ (எம்.ஓ.டி.) படித்தவரா என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.

எல்லா மனக்கஷ்டத்துக்கும் ஓ.டி. பதில் ஆகாது. பிள்ளை சாகவேண்டும் என்று பேசினாலோ, தன்னையே காயப்படுத்திக்கொண்டாலோ, திடீரென்று சாப்பாடும் தூக்கமும் விட்டுப்போனாலோ, ஏற்கெனவே தெரிந்த பேச்சோ வேலையோ மறந்துபோனாலோ, யாரையாவது பார்த்து நடுங்கினாலோ உடனே மருத்துவரிடம் போகவேண்டும். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416, குழந்தைகள் உதவி எண் 1098. இரண்டுக்கும் கட்டணம் இல்லை.

செலவு பெரிய பாரம்தான். தனியார் மையங்கள் ஒவ்வோர் அமர்வுக்கும் கட்டணம் வாங்குகின்றன. கொஞ்ச காலத்துக்குப் பிறகு, மேடத்திடம் பேசி அமர்வுகளைக் குறைத்து வீட்டுப் பயிற்சியைக் கூட்டிக்கொண்டோம். பலருக்குத் தெரியாதது, 2013ல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் இருக்கின்றன. டி.இ.ஐ.சி. என்று கேட்டால் சொல்வார்கள். பிறந்தது முதல் 18 வயது வரை இலவசம். பள்ளிப் பிள்ளைகளுக்கு வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர்கள் இருப்பார்கள். சென்னைப் பக்கம் இருப்பவர்களுக்கு முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடுடையோருக்கான மத்திய அரசு நிறுவனம் இருக்கிறது.

முதல் தடவை போகிறவர்கள் இரண்டு வாரமாவது நோட்டு எழுதிக்கொண்டு போங்கள். பள்ளி நோட்டில் ஆசிரியர் எழுதிய குறிப்பு, பிள்ளை வரைந்த படம், வீட்டில் சாப்பிடும்போதும் விளையாடும்போதும் எடுத்த சின்ன வீடியோ இருந்தால் நல்லது. பிள்ளை அழும்போது வீடியோ எடுக்காதீர்கள். வாயால் சொன்னாலே அவர்களுக்குப் புரியும். அவனுக்கு என்ன பிடிக்கும் என்பதையும் சொல்லுங்கள், எங்கள் விஷயத்தில் அந்த மர எண்கள் இல்லாவிட்டால் ஊஞ்சல் பக்கமே போயிருக்க மாட்டான். பசியும் தூக்கமும் வரும் நேரத்தில் அப்பாயின்ட்மென்ட் கொடுத்தால், வேறு நேரம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.